மாயமாகாத பெண்

திருப்பூரில் கடல் இல்லை. இதை ஒரு நாள் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இங்கே இருப்பது நொய்யல். மழை பெய்து நாலு நாள் போனால் அதில் முழங்கால் நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் நிற்காது. அப்படிப்பட்ட ஊரில், போனுக்குப் போன் செய்தி அனுப்புகிற ஒரு கூட்டம் ஒரு நாள் காலையில் இப்படித் தலைப்புப் போட்டது: "அகதி முகாமிலிருந்து இளம்பெண் மாயம். படகில் தப்பினாரா?" எந்தத் துறையில் ஏறியிருப்பாள், அவிநாசி ரோட்டிலா, பழைய பஸ் ஸ்டாண்டிலா என்று நானும் கேமராமேனும் கேலி பேசிக்கொண்டே டீ குடித்தோம். அந்தப் பெண் யாரென்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசிக்கிறவள். வாசிப்பதோடு நின்றால் பரவாயில்லை. செய்தியைத் தேடிப் போவது, எழுதுவது, எழுதியதை ஓனர் வெட்டச் சொன்னால் வெட்டுவது எல்லாம் என் தலையில்தான். ஓனர், கேமராமேன், நான், இவ்வளவுதான் சேனல். கேமராமேன் முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்கு ஊரில் எது நடந்தாலும் எங்களைப் பொறுத்தவரை நடக்கவில்லை. பனியன் கம்பெனிக்காரர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும் கொடுக்கிற விளம்பரத்தில் வண்டி ஓடுகிறது. ஒரு முதலாளி வீட்டுக் காதுகுத்து என்றால் அவர் பெயர், கம்பெனி பெயர், மாமன் சீர் வரைக்கும் சொல்லுவோம். அதே கம்பெனியில் தீப்பிடித்தால் "தனியார் நிறுவனம் ஒன்றில்" தீப்பிடித்தது என்று வாசிப்பேன். முன்பெல்லாம் இதற்காக ஓனரிடம் சண்டை போடுவேன். இப்போது வாசித்து முடித்துவிட்டு வீட்டில் வந்து பாத்திரங்களிடம் சண்டை போடுகிறேன்.

அன்று சாயங்காலம் ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தார். பின்னால் அவர் மகள். ஊரெல்லாம் மாயமாகிவிட்டதாகச் சொல்லப்பட்டவள், கழுத்திலிருந்த கம்பெனி ஐடி கார்டைக் கழற்றக்கூட மறந்து, தூக்கம் சொருகும் கண்களோடு எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் பேசிய கேலி நினைவுக்கு வந்து கேமராமேன் வெளியே போய்விட்டார். எனக்குப் போக இடமில்லை, அதனால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பெண் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் பேக்கிங் ஆட்களை விடிய விடிய நிறுத்திவைப்பது இந்த ஊரில் அதிசயமில்லை. லாரி கிளம்புகிற வரை யாரும் கிளம்ப முடியாது. போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இவளும் முந்தின நாள் வேலைக்குப் போனவள், மறுநாள் மத்தியானம்தான் கம்பெனி வேனில் திரும்பியிருக்கிறாள். அதற்குள் காலையிலேயே முகாமில் திடீரென்று ஆள் சரிபார்ப்பு. அதிகாரி வந்தால் குடும்பத்தில் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். மகள் எங்கே என்று கேட்டதற்கு அம்மா திருதிருவென்று விழித்திருக்கிறார். ராத்திரி வேலை என்று வெளியே சொல்லக்கூடாது என்பது சூப்பர்வைசரின் கட்டளை. பெண்களை ராத்திரியில் வேலைக்கு வைக்க என்னென்னவோ விதிகள் உண்டு. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் தணிக்கைக்கு ஆள் அனுப்புகிற சமயம் வேறு. அம்மா விழித்த விழியைப் பார்த்த யாரோ ஒருவர் போனை எடுத்திருக்கிறார், படகு கிளம்பிவிட்டது.

அதிகாரி சாயங்காலத்துக்குள் அவளை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அரசாங்கத்துக்கு அவள் கிடைத்துவிட்டாள். செய்தி படித்தவர்களுக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மற்ற மாவட்ட முகாம்களில் இருக்கும் சொந்தக்காரர்கள் மாறி மாறிப் போன் போட்டு, யாருடன் போனாள் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்களாம். அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை.

அந்த அம்மா சின்ன வயதில் உண்மையாகவே படகில் வந்து இறங்கியவர். மகள் இங்கே முகாமில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இந்த ஊர்க்காரி மாதிரியே இழுத்துப் பேசுகிறவள். படகை அவள் படத்தில் பார்த்திருக்கிறாள், அவ்வளவே. ஆனால் இரண்டு பேருக்கும் எங்கள் பாஷையில் அகதி என்ற ஒரே பெயர்தான். அகதி முகாம் என்பதைச் சர்க்கார் இப்போது மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்டது. அப்படி வாசிக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னபோது, குடியை நிறுத்துகிற இடம் என்று சனங்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று ஓனர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் எரிச்சல்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, என்ர பிள்ளை ஒளிச்சு ஓடேல்லை. வேலைக்குப் போனவள். அதைச் சொல்லுங்கோ. பேரைச் சொல்லி, முகத்தைக் காட்டிச் சொல்லுங்கோ. எங்கட முகாம் முழுக்க உங்கட டிவிதான் பாக்கிறவை."

அம்மா முடித்ததும் மகள் மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாங்க்கா. நைட்டு அங்கதான் இருந்தேன்னு டிவியில வந்துச்சுன்னா என்னை நிறுத்திருவாங்க. ஊர் பேசறது நாளைக்கு அடங்கீருங்க. வேலை போனா வராதுங்க."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். யார் பேச்சைக் கேட்பது? அம்மாவுக்கு மகளின் பெயர் வேண்டும். மகளுக்குத் தன் வேலை வேண்டும். இரண்டும் ஒருத்தியுடையதுதான், ஒன்றைக் கொடுத்தால் மற்றது போகிறது. மேஜர் ஆன பெண், அவள் சொல்வதைக் கேட்பதுதான் முறை என்று ஒரு பக்கம் தோன்றியது. அந்த அம்மாவை அப்படியே திருப்பி அனுப்பினால் நான் என்ன செய்தி வாசிக்கிறவள் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. எனக்கு இப்படிப்பட்ட நேரத்தில் தலை வலிக்கும். அன்றும் வலித்தது.

ஓனருக்குப் போன் போட்டேன். முதலில் எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். வருஷா வருஷம் தீபாவளிக்கு எங்கள் திரையை நிறைக்கிற கம்பெனி அது.

"போடு அம்மிணி, வேண்டாங்கல. பாவப்பட்ட சனம். ஆனா கம்பெனி பேரு வேண்டாம். புள்ளையோட மூஞ்சியும் வேண்டாம், மறைச்சுப் போட்டுரு. பாதுகாப்புக்குத்தான மறைக்கறம்?"

கோபப்பட வாயெடுத்தேன், முடியவில்லை. ஏனென்றால் கொஞ்ச காலத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் பத்திரிகையாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது, நானும் போயிருந்தேன். அகதிகளைப் பற்றிச் செய்தி போடும்போது அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் அதையெல்லாம் ஒழுங்காகக் குறித்துக்கொண்டு, மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது அந்த வகுப்பு சொன்னதையேதான் ஓனரும் சொல்கிறார். வகுப்பு பெண்ணுக்காகச் சொன்னது, ஓனர் விளம்பரத்துக்காகச் சொல்கிறார். செய்யவேண்டிய காரியம் மட்டும் ஒன்றே. இதற்கு எப்படிக் கோபப்படுவது?

மகளிடம் கேட்டேன். முகம் தெரியாது, பேர் வராது, கம்பெனி வராது, ஆனால் நீ மாயமாகவில்லை என்பது வரும். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். அம்மாவும் என்னை நம்பித் தலையாட்டினார். எனக்கும் திருப்தியாக இருந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிற மாதிரி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

கேமராமேன் அவளைச் சுவரோரமாக உட்கார வைத்துப் பதிவு செய்தார். "நான் எங்கேயும் போகலீங்க. வேலைக்குத்தாங்க போயிருந்தேன்" என்று அவள் சொன்னாள். நல்ல குரல், தெளிவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் முகத்தின் மேல் மொசைக் போட்டார். எங்களிடம் இருப்பது ஒரே மொசைக்தான். செயின் பறித்தவனுக்கும் லாட்ஜில் பிடிபட்டவர்களுக்கும் போடுகிற அதே கட்டம் கட்டமான மொசைக். அன்று எனக்கு அது கண்ணில் உறுத்தவில்லை. மறுநாள் ஒளிபரப்பினோம்.

அதற்கு அடுத்த நாள் காலையில் பால்காரர் என்னிடம், முகாம் பெண்ணைப் போலீஸ் பிடித்துவிட்டதாமே, நேற்று உங்கள் டிவியில் பார்த்தேன் என்றார். பிடிக்கவில்லை, அவள் ஓடவே இல்லை, அதைத்தான் நான் வாசித்தேன் என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை. மாடி வீட்டு அக்காவும் அதையே சொன்னார். எங்கள் சேனலில் முகத்தை மறைத்துக் காட்டினால் அது போலீஸ் செய்தி என்று இத்தனை வருஷமாக நாங்கள்தானே பழக்கி வைத்திருக்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் பாத்திரச் சத்தத்தோடு டிவி பார்க்கிறவர்கள் நான் வாசித்ததை எங்கே கேட்டார்கள், கட்டம் கட்டமான முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் வாயாலே செய்தியைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி மாதிரி இருந்தது.

பதினோரு மணி வாக்கில் அந்த அம்மா போன் செய்தார். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

"தங்கச்சி, களவெடுத்தவையைத்தானே நீங்கள் இப்பிடிக் காட்டுறனீங்கள்? என்ர பிள்ளை என்னத்தைக் களவெடுத்தவள்?"

பாதுகாப்புக்காக என்று ஆரம்பித்தேன். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று எனக்கே அந்த நேரத்தில் சொல்லத் தெரியவில்லை. அவர் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மகள் தனியாக வந்தாள். இந்த முறை கழுத்தில் ஐடி கார்டு இல்லை. செய்தியில் அவள் போட்டிருந்த துப்பட்டாவையும் குரலையும் வைத்துக் கம்பெனியில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டதாம். கொஞ்ச நாள் கழித்து வா, நாங்களே கூப்பிடுகிறோம் என்று சூப்பர்வைசர் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தக் கூப்பிடுதல் எப்போது வரும் என்று திருப்பூரில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். யோசித்துப் பார்த்தால், அந்த மொசைக் அவளை யாரிடமிருந்து மறைத்தது? கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. முகாமுக்கு முன்பே தெரியும். அவளை முன்பின் தெரியாத பால்காரருக்கு மட்டும்தான் தெரியவில்லை, அவருக்கும் அவள் போலீஸ் பிடித்த பெண். பேரும் போய், வேலையும் போய், ஒன்றும் மிஞ்சாதபடி செய்தி போட எங்களால் முடிந்திருக்கிறது.

"இப்பப் போடுங்க்கா. என் முகத்தைப் போடுங்க, பேரைப் போடுங்க. இனி மறைக்க என்ன இருக்குதுங்க" என்றாள்.

சரி, கம்பெனி பேரையும் போடுவோம் என்று நான் வேகமாகச் சொன்னேன். எனக்குள் ஒரு வெறி வந்திருந்தது. இந்த ஊரில் யாராவது ஒருத்தர் ஒரு கம்பெனியின் பேரை வாய்விட்டுச் சொன்னால் வானம் இடிந்துவிடுமா பார்ப்போம் என்றிருந்தது.

அவள் வேண்டாம் என்றாள். அவளோடு பேக்கிங்கில் நிற்கிற முகாம் பெண்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களாம். தெற்குச் சீமையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண்களும் இருக்கிறார்களாம். கம்பெனி பேர் வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் கேள்வி வரும் என்றாள். ஓனர் விளம்பரத்துக்காக மறைக்கச் சொன்ன பெயரை இவள் சிநேகிதிகளுக்காக மறைக்கச் சொல்கிறாள். நான் யாருக்கு எதிராகப் பேனா பிடிப்பது? கோபம் நிறைய இருந்தது, இறக்கி வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. தைரியமான செய்தி என்பது எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஓனரிடம் கேட்டேன். ஒரே செய்தியை இரண்டாம் தடவை போட்டால் முதல் தடவை நாம்தான் தப்புப் பண்ணினோம் என்று ஆகிவிடும், வேண்டாம் என்றார். தப்புப் பண்ணினோம் என்பதுதானே உண்மை என்றேன். அதற்கு அவர், உண்மைதான், அதற்காக அதை நாமே சொல்லிக்கொண்டு திரிவதா என்று மிக நிதானமாகக் கேட்டார். மனிதர் கெட்டவரில்லை. முகாமில் மழைக்கு ஓடு ஒழுகியபோது தார்ப்பாய் வாங்கி அனுப்பியவர். தார்ப்பாய் கொடுக்கிற கை செய்திக்கு மட்டும் ஏன் நீளமாட்டேன் என்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலச் செய்தியின் கடைசியில், வானிலைக்கு முன்னால், நான் அதை வாசித்தேன். கேமராமேனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அவள் படத்தை முழுத் திரைக்கும் எடுத்துக்கொடுத்தார். கல்யாணப் பெண்களை எடுத்துப் பழகிய கை, விளக்கை எங்கே வைத்தாரோ தெரியவில்லை, முகம் பளிச்சென்று இருந்தது. அவள் பெயரைச் சொன்னேன். இவர் எங்கும் மாயமாகவில்லை, அன்று இரவு வேலையில் இருந்தார், முந்தைய செய்தியில் இவர் முகத்தை மறைத்துக் காட்டியது எங்கள் தவறு என்று வாசித்தேன். "வேலையில்" என்ற இடத்தில் நாக்கு அந்தக் கம்பெனியின் பெயர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவள் வேண்டாம் என்றதற்காகத் திரும்பியதா, பயத்தில் திரும்பியதா என்று நான் பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் வேறு பதில் வருகிறது.

செய்தி முடிந்து மேக்கப்பைத் துடைப்பதற்குள் ஓனரின் போன் வந்துவிட்டது. வேலை போகும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். என்ன பேச வேண்டும் என்றுகூட மனசுக்குள் தயார் செய்திருந்தேன்.

"கம்பெனி பேரு வரலையில்ல?" என்றார்.

"வரலீங்கண்ணா."

"அப்பறம் என்ன, போச்சாது உடு அம்மிணி."

அவ்வளவுதான். நான் பெரிதாக எதையோ உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அவமானமாக இருந்தது. வேலை தப்பித்ததில் நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து அந்த அம்மா கூப்பிட்டார். செய்தியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"படத்திலை வடிவா விழுந்திருக்கிறாள், என்ன?" என்றார். பிறகு, அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று கேமராமேன் கேட்டார். அந்தப் படத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.

சில வாரம் கழித்து அவளைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அத்தனை நாளும் வேலை தேடி அலைந்திருக்கிறாள். இந்த ஊரில் ஆட்கள் தேவை என்ற போர்டு இல்லாத கேட் கிடையாது, அதனால் வேலை கிடைப்பது கஷ்டமில்லை என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். கேட் வரைக்கும் கஷ்டமில்லீங்க்கா என்றாள். போகிற இடத்திலெல்லாம் முகத்தை உற்றுப் பார்க்கிறார்களாம். டிவியில் வந்த பெண் என்பது ஞாபகம் இருக்கிறது, எதற்காக வந்தாள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு இடத்தில் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் காட்டிய முகத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மறைத்தாலும் காட்டினாலும் அவள் போய் நிற்கிற இடம் ஒன்றாகவே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில்கூட ஒரு கம்பெனிக்குப் போயிருக்கிறாள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, வயசானவர், அவளைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாராம்.

"டிவியில வந்த புள்ளதான கண்ணு நீயி? என்ன கேசு அது?"

"நைட்டு வேலைக்குப் போனேனுங்க. அதாங்க கேசு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பேக்கிங்கில் ஆள் வேண்டும், நாளைக்கு வரச் சொல்கிறார்கள், நைட் நிற்க முடியுமா என்று கேட்டாராம். முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.